கல்யாணம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லாதீர்கள்

இலங்கை மலையகத்தின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். பி.சி.ஓ.எஸ். பற்றி எழுதுகிறேன், ஹோர்மோன் சமநிலை குலைந்து மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போகும் நோய் அது. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாலைந்து மாதமாக மாதவிடாய் வராத, இருபத்திரண்டு வயதான, இன்னும் கல்யாணம் ஆகாத ஒரு தோட்டத்துப் பிள்ளை எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும்?

யோசித்துப் பாருங்கள். பத்தாம் ஆண்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனையோடு அவளைப் பார்ப்பது முடிகிறது. அதற்குப் பிறகு அவள் கல்யாணம் கட்டினால் மிட்வைஃப் பதிவேட்டில் பெயர் வரும், வயிற்றில் பிள்ளை வந்தால் கிளினிக்கும் திரிபோஷ சத்துமாவும் வரும். பெண்களுக்கு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் சுகவனிதையர் கிளினிக் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடும். சீனியும் பிரஷரும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களும் பெரும்பாலும் 35 வயது தாண்டியவர்களை எதிர்பார்த்துத்தான் இருக்கின்றன. நடுவில் இருக்கும் அந்தப் பதினைந்து இருபது வருடம்? பெரிய வைத்தியசாலைகளில் இளையவர்களுக்காக யொவுன் பியச நிலையங்கள் இருப்பது எனக்கும் தெரியும். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு டிவிஷனிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அன்றைக்குச் செக்ரோலில் (சம்பளத்துக்கான வரவுப் பதிவேட்டில்) பேரும் விழாது. அப்புறம் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்பது அவளுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை.

நான் ஒரு போசணையியலாளர். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவள், இப்போது ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை அறையில் ஆட்களைப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்ட தோட்டங்களுக்குப் போய்ப் பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து பேசுகிறேன். ஆரம்பத்தில் சீனி வருத்தம் (நீரிழிவு), பிரஷர் உள்ள பெரியவர்கள்தான் அதிகம் வந்தார்கள். அவர்களோடு துணைக்கு வந்த மகள்மார், மருமகள்மார் போகும்போது கதவோரம் நின்று, "மிஸ், எனக்கு ஒன்று கேக்கணும்" என்று ஆரம்பித்ததில்தான் இந்தத் தொழில் இந்தப் பக்கம் திரும்பியது. இன்றைக்கு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள்.

பி.சி.ஓ.எஸ். ஏதோ கொழும்புப் பெண்களின் வியாதி, ஏசி அறையில் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறவர்களுக்கு வருவது என்ற நினைப்பு உங்களில் சிலரிடம் இருக்கிறது, ஒருவர் என்னிடமே அப்படிச் சொன்னார். 2008இல் வெளியான ஆய்வொன்று கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வு பெரிய இயந்திரங்களோடு ஆரம்பிக்கவில்லை, மாதவிடாய் பற்றியும் தேவையில்லாத இடங்களில் முளைக்கும் முடி பற்றியும் சில எளிய கேள்விகளோடுதான் ஆரம்பித்தது. அந்தக் கேள்விகளைத் தோட்டத்தில் கேட்க யாருக்கு என்ன தடை? பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் உங்கள் மலைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவளுக்கு இது எப்படி வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தசைகளும் ஈரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காதபோது, காது கேளாதவரிடம் கத்துவதுபோலச் சதையி (கணையம்) இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. சூலகத்துக்கோ காது நன்றாகவே கேட்கிறது. அந்தச் சத்தத்தில் அது ஆண் ஹோர்மோன்களை அதிகமாகச் சுரக்கிறது, முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, தாடையில் முடி வருகிறது. இன்சுலினை இப்படிக் கேளாமல் விடும் தன்மை தெற்காசியப் பெண்களில் இள வயதிலேயே, உடம்பு பெருக்காதபோதும் அதிகம் காணப்படுகிறது. இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே போதிய சத்துக் கிடைக்காமல் போவதும் பிற்காலத்தில் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 சதவீதம். குட்டையாக வளர்ந்த அந்தப் பிள்ளைகள் பிறகு பெரியபிள்ளை ஆகிறார்கள், கோதுமை மாவும் சீனியும் தின்று பெண்களாகிறார்கள், அப்போது உடம்பு கணக்குக் கேட்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சொல்கிறார்கள். ஒரு வைத்தியசாலையில் (பெயர் வேண்டாம்) ஒரு கொழுந்துப் பிள்ளைக்கு, "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் காலையில் பெரட்டுக்கு (ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு) போவதற்கே அதைவிடக் கூட நடக்கிறாள். அதே காகிதத்தில் காலைக்கு ஓட்ஸும் கொழுப்பு நீக்கிய பாலும், பகலுக்கு ஒலிவ் எண்ணெய் விட்ட சலாதும், பின்னேரம் ஒரு ஆப்பிளும் இருந்தன. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாயாக ஆனதையே பெரிய வெற்றியாகப் பேசிய வீடு அது. பிள்ளை அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதிரிக் காகிதங்களை எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். பற்றி 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, இந்தச் சாப்பாட்டு முறைதான் மற்றதைவிடச் சிறந்தது என்று எதையும் சொல்லவில்லை. கீட்டோ இல்லை, பாலை நிறுத்து என்பது இல்லை, விதைகளை மாதத்தில் இன்ன நாளில் இன்னது என்று மாற்றி மாற்றித் தின்பது இல்லை (டிக்டொக் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், பாவம், சூரியகாந்தி விதைக்கு அவ்வளவு காசு கொடுத்திருப்பார்கள்). ஒருத்தியால் அவள் வீட்டில், அவள் காசில், தொடர்ந்து சாப்பிடக்கூடிய நல்ல சாப்பாடுதான் அவளுக்கான சாப்பாடு. அதைக் கண்டுபிடிக்க லயத்துக் குசினிக்குள் ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

நான் எங்கிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படும். முதலில் தேத்தண்ணி. விடியற்காலையில் ஒன்று, மலையில் ஒன்று, பகல் கொழுந்தை எடை போட்ட பிறகு ஒன்று, வேலை விட்டு வந்ததும் ஒன்று, இரவு அடுப்படியில் ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. மொத்தம் பதினைந்து கரண்டி, குறைந்தது 60 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் நிறுத்து என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை, பனியிலும் மழையிலும் நிற்கிற ஆளுக்கு அந்தச் சூடான இனிப்புத்தான் தெம்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைப்போம் என்று பேசிக்கொள்வோம். எங்கள் பாட்டிமார் வெறுந்தேத்தண்ணிக்கு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துத் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்கள், அது நல்ல பழக்கம், சிலரை அதற்குத் திருப்பியிருக்கிறேன். இன்னொன்று, ரொட்டியோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுக்காது. மாதக்கணக்கில் வராமல் இருந்துவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் கொட்டித் தீர்க்கும் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை இருக்கும், அவர்களுக்கு ஒரு மணி நேர இடைவெளி கட்டாயம் சொல்வேன்.

அடுத்தது ரொட்டி. ரொட்டியை விடு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டு தலைமுறைக்கு மேலாகக் கோதுமை மாவில் வளர்ந்த வீடுகளில் போய் அதைச் சொல்வது வாய்க்கு வந்ததைச் சொல்வதுதான். தடித்த ரொட்டி மூன்றும் சம்பலும் என்று இருப்பதை இரண்டு ஆக்கி, அதோடு ஒரு முட்டையோ, கெட்டியாக வைத்த பருப்போ, அவித்த கடலையோ கௌபியோ ஒரு கைப்பிடி சேர்க்கச் சொல்கிறேன். மாவில் பாதி குரக்கன் மா கலக்கலாம், முருங்கை இலையை உருவிப் போட்டுப் பிசையலாம். கிடைக்கிற இடத்தில் நெத்தலிக் கருவாடு. பத்து மணிக்கு வரும் அந்த நடுக்கமும் பசியும் வருகிறதா என்று அடுத்த முறை கேட்பேன், பெரும்பாலும் "இப்ப அவ்வளவு இல்ல மிஸ்" என்பார்கள், அதுதான் என் முதல் அளவுகோல், தராசுக்கு அப்புறம்தான் போவேன். இரவுச் சோறு பெரிய வேலை. நாள் முழுக்க ஓடிவிட்டு எட்டரை மணிக்கு ஒரு கோப்பை நிறையச் சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும், பிறகு படுக்கை. அதில் பாதியைக் கோவா, போஞ்சி, பீட்ரூட் இலை, ராபு (முள்ளங்கி) இலை என்று மாற்ற முயற்சி செய்கிறோம். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளைகிற நல்ல மரக்கறி லொறியேறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்விடுகிறது, பக்கத்து லயத்தில் இருக்கிறவள் கடைசியில் மிஞ்சியதை வாங்குகிறாள் என்பது வேறு கதை, அதையும் ஒரு நாள் யாராவது எழுத வேண்டும்.

கொழும்பில் கடைகளிலும் காமன்ட்ஸிலும் (ஆடைத் தொழிற்சாலைகளிலும்) வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் பிள்ளைகளின் நிலைமை வேறு. காலையில் பணிஸ், பகலில் சோத்துப் பார்சல், இரவு போர்டிங்கில் நூடுல்ஸ், நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்த உட்காரல். அவர்களுக்கு நடை சொல்கிறேன், அவித்த பயறு சொல்கிறேன். எடை கூடியிருந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்ப ஒழுங்குக்கு வருகிறது, அதாவது 60 கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை. எங்கள் ஆட்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், இடுப்பளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் அப்படித்தான். ஆனால் ஒல்லியான பிள்ளைகளுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும், அவர்களிடம் மெலியச் சொல்வது வீண், இருக்கிற கொஞ்சச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஓர் அம்மா மகளின் கழுத்தைக் காட்டி, எவ்வளவு தேய்த்தும் அழுக்குப் போகவில்லை, மஞ்சளும் கடலைமாவும் போட்டுப் பார்த்துவிட்டேன் என்றார். கழுத்தைச் சுற்றிக் கறுத்து வெல்வெட் மாதிரித் தடித்திருந்தது. அது அழுக்கில்லை, இன்சுலின் கூடியதன் அடையாளம். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் அந்தக் கழுத்தைப் பார்த்த உடனே சீனி பார்க்க அனுப்பியிருக்கலாம். அவர் சொன்னது, "கல்யாணம் கட்டினா எல்லாம் சரியாயிடும்."

இந்த ஒரு வசனத்தைத்தான் உங்கள் கட்டமைப்பு முழுக்க வேறு வேறு விதத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கல்யாணம் கட்டினால் எதுவும் சரியாகாது. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், வருடக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய்க்கான ஆபத்துக் கூடும். பிறகு கர்ப்பகாலச் சீனி, நாற்பது வயதுக்கு முன்பே நீரிழிவு, பிரஷர். எல்லாவற்றுக்கும் மருந்து கொடுக்கப் போவது நீங்கள்தான். சரி, மனிதர்களுக்காக இல்லாவிட்டாலும் மருந்துச் செலவுக்காகவாவது முன்னாலேயே பாருங்கள். கல்யாணம் கட்டிய பிறகோ, இரண்டு வருடத்தில் பிள்ளை இல்லையென்றால் லயம் முழுக்கக் கேள்வி. இவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளை தங்கும், சிலருக்கு மாத்திரை உதவியோடு தங்கும். அதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் மலடி என்ற சொல்லைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து அழுகிறார்கள். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயோடு சேர்ந்தே வருகிறவை, அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது.

ஸ்கானுக்கு ஆள் இல்லை, மெஷின் இல்லை என்று சொல்வீர்கள். முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடங்களுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இதைக் கண்டறிய ஸ்கான் வேண்டாம் என்றுதான் 2023 வழிகாட்டி சொல்கிறது, அந்த வயதில் சூலகம் இயல்பாகவே அப்படித் தெரியும். வயது வந்தவர்களிலும் மாதவிடாய் ஒழுங்கின்மையும், முடி வளர்ச்சி போன்ற ஆண் ஹோர்மோன் அடையாளங்களும் சேர்ந்து இருந்தால், தைரொயிட் போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று பார்த்துவிட்டால் போதும், அதற்கும் ஸ்கான் தேவையில்லை. ஆனால் நடப்பது என்ன? நாலைந்து நாள் சம்பளத்தைக் கட்டி டவுனில் ஸ்கான் எடுத்து, "கட்டி கட்டியா இருக்காம்" என்று ஒப்பரேஷன் பயத்தோடு வருகிறார்கள். அவை கட்டிகள் இல்லை, முதிராமல் நின்றுபோன முட்டைப்பைகள். அந்தக் காசுக்கு ஒரு மாத முட்டை வாங்கியிருக்கலாம்.

டிஸ்பென்சரியில் ஒரு அளவு நாடா, ஒரு தராசு, பிரஷர் பார்க்கும் மெஷின், சீனி பார்க்கும் மெஷின், மாதவிடாய்த் தேதியைக் குறிக்க ஒரு கலண்டர் அட்டை, இவ்வளவும் இருந்தால் ஆரம்பிக்கலாம். முதல் மாதவிடாய் வந்து மூன்று வருடம் கடந்தவளுக்கு 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளிப் போகிறதா, வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வருகிறதா, அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகமுள்ளவர்களை மட்டும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் சீனி பார்க்கும் பரிசோதனை உட்பட.

பேசுவதற்குத் தமிழ் தெரிந்த ஒரு பெண் வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தன் மாதவிடாய்க் கணக்கைத் தகப்பனையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைத்து ஒரு பிள்ளை எப்படிச் சொல்வாள்? தலையை ஆட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான். தோட்டங்களுக்குத் தமிழ் பேசும் மிட்வைஃப் போதாது என்பது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. போசணையியலாளர்களையும் நாலைந்து சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு ஒருவர் என்றாவது போடுங்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்குத் தனியாக ஒன்று. கிளினிக் துண்டு கொண்டு வருகிறவளுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள், அதுவும் எல்லோருக்கும் இல்லை. மலையில் கழிப்பறை இல்லாததால் இரத்தப்போக்குக் கூடிய நாட்களில் வேலைக்கே வராமல் நிற்கிறவர்களின் கணக்கை உங்கள் செக்ரோலிலேயே பார்க்கலாம், அதைவிட இந்த அரைநாள் உங்களுக்கு மலிவு.

சுகாதார அதிகாரிகளிடம் கேட்பது இதுதான். இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்திலேயே மாதத்தில் ஒரு பின்னேரத்தை 15 வயதிலிருந்து 35 வயது வரையான பெண்களுக்கு ஒதுக்குங்கள். கல்யாணமானவளா என்ற கேள்வி அட்டையில் முதல் வரியாக இருக்க வேண்டாம். பி.சி.ஓ.எஸ். கிளினிக் என்று பலகையும் மாட்ட வேண்டாம், மாட்டினால் ஒருத்தியும் வரமாட்டாள், இரத்தம் பார்க்கும் கிளினிக் என்று போடுங்கள், போதும். சாப்பாட்டுக் காகிதத்தை நான் எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம், ஆனால் அச்சடிப்பதற்கு முன் லயத்துப் பெண்கள் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டுவேன், அவர்கள் முடியாது என்பதை எடுத்துவிடுவேன். பெரியபிள்ளையானதும் கொடுக்கும் உளுந்தங்களியும் முட்டையும் அதில் கட்டாயம் இருக்கும், சர்க்கரையைக் குறைத்து. மாமிமார் அந்த விஷயத்தில் பல காகிதங்களைவிடச் சரியாக இருந்திருக்கிறார்கள்.

கிளினிக் நாளைக் கிழமை நாட்களில் காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று மூன்று மாதத்தில் மூடிவிட வேண்டாம். கொழுந்தை எடை போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு வருவதற்கு ஐந்து மணியாகும். சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை என்றால் பஸ் காசும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு போசணையியலாளர்